எழுதியது ஒரு ‘க’, பாடுவது எப்படி? கமகமும் ஸ்வரக்குறிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில், சனி ஞாயிறு மாலைகளில் வாய்ப்பாட்டும் வயலினும் கற்பிக்கிறேன். வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றுவட்டத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோதோ செம்பனைக்கு மாறியபோதோ பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். நோட்டில் எழுதியிருக்கும் ஸ்வரத்துக்கும் வாயில் வர வேண்டிய ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கமகம் என்பது ஸ்வரத்தின் மேல் போடும் அலங்காரம்தானே?

அலங்காரம் என்ற சொல்லோடுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். ஆனால் நகையைக் கழற்றி வைத்தாலும் ஆள் அதே ஆள்தான். கமகத்தைக் கழற்றினால் ராகம் அதே ராகமாக இருப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரத்தை எழுதிய சார்ங்கதேவர், கேட்பவரின் மனத்துக்கு இன்பம் தரும் ஸ்வரத்தின் அசைவே கமகம் என்று இலக்கணம் சொல்லி, அதில் 15 வகைகளைக் கூறினார். பிற்காலத்தில் 10 வகையாகச் சொல்லும் தசவித கமகம் என்ற பட்டியலும் வழக்கில் வந்தது. இந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதில் குற்றமில்லை. ஆயினும் தொடக்க மாணவருக்கு அவற்றால் பெரிய பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை, ஏனெனில் ஒரே பெயர் ஒரு நூலில் ஒன்றையும் இன்னொரு நூலில் வேறொன்றையும் குறிப்பதுண்டு. அசைவு ஸ்வரத்தின் உடம்பிலேயே இருக்கிறது என்ற அளவுக்கு முதலில் புரிந்தால் போதும்.

என் மகளின் நோட்டில் தோடி ராக வர்ணத்துக்கு (பயிற்சிப் பாடல்) ‘க’ என்று ஒரே ஓர் எழுத்துதான் இருக்கிறது. கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்தினால் தோடி போலவே கேட்கவில்லை. நோட்டில் பிழையா?

நோட்டில் பிழையில்லை. இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

‘சி’ கட்டையை ஸட்ஜமாக (‘ஸ’) வைத்துக்கொண்டால், தோடியின் ‘க’, அதாவது ‘சாதாரண காந்தாரம்’ என்ற வகை, ‘டி’க்கும் ‘இ’க்கும் நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டை. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நல்ல தோடியைப் பாடுகிறவரின் குரல் அந்த இடத்தில் நிற்பதே அரிது. அது சுத்த ரிஷபத்தின் (தாழ்ந்த ‘ரி’) பக்கத்திலிருந்து எழுந்து, சுத்த மத்யமத்தை (தாழ்ந்த ‘ம’) எட்டித் தொட்டு, இறங்கி, மறுபடியும் எழுகிறது. கேட்கும் காது அந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் காந்தாரம் இருப்பதாக உணர்ந்துகொள்கிறது. அந்த உணர்வுக்கு வைத்த பெயர்தான் நோட்டில் உள்ள ‘க’.

அப்படியானால் ‘ரி ம ரி ம’ என்றே எழுதிவிடலாமே என்று ஒரு தந்தை கேட்டார். எழுதலாம், பென்சிலால் நானும் எழுதித் தருவதுண்டு. ஆனால் அதை நான்கு தனி ஸ்வரங்களாக ஒரு பிள்ளை பாடினால் அதுவும் தோடி ஆகாது. நான்கும் ஒரே மூச்சில், ஒரே இழுப்பில், இடையில் வெட்டு விழாமல் வர வேண்டும். இரு முனைகளிலும் குரல் அழுந்தக் கூடாது, பட்டும் படாமலும் திரும்ப வேண்டும். வாய் சொல்லும் எழுத்து ‘க’வாகவே இருக்க வேண்டும். வயலினில் இது இன்னும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். விரல் தந்தியை விட்டு எழும்புவதில்லை. தந்தியோடு ஒட்டியபடியே இரண்டு இடங்களுக்கிடையே வழுக்குகிறது. வில் மட்டும் ஒரே திசையில், எதுவும் நடக்காதது போல, சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. இடக்கை அசைய அசைய வலக்கையும் சேர்ந்து அசைந்துவிடுவதுதான் பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கரஹரப்ரியாவின் காந்தாரமும் கீபோர்டில் இதே கறுப்புக் கட்டைதான். ஆனால் அங்கே கீழ்க்கரை சதுஸ்ருதி ரிஷபம் என்ற உயர்ந்த ‘ரி’. அசைவின் அகலமும் நடையும் வேறு. ஒரே எழுத்து, ஒரே கட்டை, இரண்டு ராகம். இந்த இரண்டு காந்தாரங்களையும் பிரித்துக் காட்டுவது அசைவு ஒன்றுதான். அது நோட்டில் இல்லை.

ஏன் இல்லை? நம்மவர்கள் கமகத்துக்குக் குறியே கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்தார்கள். பாரதி பிறந்த எட்டயபுரத்திலிருந்து 1904இல் சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி என்ற பெருநூல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. தொகுத்தவர் சுப்பராம தீக்ஷிதர்; முத்துஸ்வாமி தீக்ஷிதரின் வழிவந்தவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். அவருக்கு முன்பே, 1893இல், சின்னசாமி முதலியார் என்பவர் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டு வெளியிட்டிருந்தார். சுப்பராம தீக்ஷிதரைத் தம் குடும்பச் சொத்தான உருப்படிகளை (பாடல்களை) எழுத வைக்கத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். தீக்ஷிதரின் ப்ரதர்சினியில் கமகத்துக்கென்றே தனித்தனிக் குறிகள் ஸ்வரங்களின் மேல் இடப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது.

ஆயினும் அந்தக் குறிகள் பொதுவழக்கில் நிலைக்கவில்லை. நம் கைக்கு வரும் சாதாரணப் பாடப் புத்தகங்களில் ஸ்வரமும், மேல் ஸ்தாயிக்கு (ஸ முதல் நி வரையிலான அடுக்கு) மேலே ஒரு புள்ளியும், கீழ் ஸ்தாயிக்குக் கீழே ஒரு புள்ளியும், நீட்டுவதற்குக் காற்புள்ளி, அரைப்புள்ளியும், துரித காலத்துக்கு மேலே ஒரு கோடும் மட்டுமே இருக்கும். காரணம் எளிது. குரு எதிரில் உட்கார்ந்திருந்தார். அசைவு அவர் வாயில் இருந்தது. நோட்டு, மறந்துபோன சொல்லையோ ஆவர்த்தன (தாளச் சுற்று) கணக்கையோ நினைவூட்ட மட்டும் வேண்டியிருந்தது.

தஞ்சாவூரிலோ மயிலாப்பூரிலோ அது போதும். தோட்டத்துக்கு அது போதவில்லை. இங்கே ஆசிரியர் வாரத்துக்கு ஒருமுறை பேருந்து பிடித்து வந்தார். சில வருடம் கழித்து வேலைக்காகவோ வயதுக்காகவோ வராமல் போனார். நோட்டு மட்டும் தங்கியது. அந்த நோட்டை நகலெடுத்து அடுத்த பிள்ளை படித்தது. இப்படி இரண்டு கை மாறியபோது ஸ்வரம் முழுதும் இருந்தது, ராகம் பாதியாகிவிட்டது. நானே பைரவி ராகத்தை இரண்டு வருடம் புத்தகத்தை வைத்துப் படித்தேன். பின்னர் ஈப்போவில் ஓர் ஆசிரியரிடம் பாடிக் காட்டியபோது அவர் கோபிக்கவில்லை. “ஸ்வரமெல்லாம் சரியம்மா, பைரவியை இன்னும் யாரும் உனக்குச் சொல்லவில்லை” என்றார். அந்த இரண்டு வருடப் பழக்கத்தைக் கைவிட எனக்கு அதைவிட அதிக காலம் பிடித்தது.

அந்தக் குறிகள் என்னென்ன, ஒவ்வொன்றையும் எப்படி வாசிப்பது?

பெயர்கள் பலவும் வீணையின் தந்தியிலிருந்து பிறந்தவை என்பதை நினைவில் வைத்தால் புரிவது எளிது. வீணையில் தந்தியின் அடியில் குறுக்கே பதித்த 24 மெட்டுகள் உண்டு. தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் உயரும். அந்த இழுப்பின் விதங்கள்தான் இந்தப் பெயர்கள்.

ஸ்வரத்தின் மேல் நெளிகோடு இருந்தால் கம்பிதம். மேலே தோடிக் காந்தாரத்துக்குச் சொன்ன அசைவு இதுவே. நாம் அதிகம் பயன்படுத்துவதும் இதுதான். நெளிகோடு எத்தனை நெளிவு என்பதை ராகம்தான் தீர்மானிக்கும், அச்சிட்டவர் அல்லர்.

ஏறும் சாய்கோடு ஏற்ற ஜாரு, இறங்கும் சாய்கோடு இறக்க ஜாரு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது. பிள்ளைகள் இதை வேகமாகக் கற்றுக்கொண்டு எல்லா இடத்திலும் போடுகிறார்கள்; திரைப்பாட்டுக் காதுக்கு அது இனிக்கிறது. எங்கிருந்து புறப்பட்டோம், எங்கே சேர்ந்தோம் என்ற இரண்டு முனையும் சுத்தமாக இருந்தால்தான் அது ஜாரு. முனை தெரியாவிட்டால் அது ஸ்ருதி விலகல்.

பெருக்கல் குறி ஒதுக்கல். ரிஷப மெட்டிலேயே விரலை வைத்துக்கொண்டு, தந்தியை இழுத்துக் காந்தாரத்தை வரவழைப்பது. வாய்ப்பாட்டில் இதன் பொருள், காந்தாரத்தை நேராகத் தொடாமல் ரிஷபத்தின் மேல் சாய்ந்து எழுந்து சொல்வது. ஒரிக்கை என்பது இறங்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் முடியும் தறுவாயில் மேல் ஸ்வரத்தை ஒரு கணம் சுண்டிவிட்டு இறங்குவது. ‘நி த ப’ என்று எழுதியிருந்தால் ‘நி’ முடியும்போது மேல் ஸட்ஜம் ஒரு பொறியாகத் தெறிக்கும். வளி என்ற வளைகுறி, ஒரே மெட்டில் தந்தியைச் சுழற்றி இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களின் நிழலைக் காட்டுவது. நொக்கு, ரவை, கண்டிப்பு ஆகியவையும் உண்டு. அவற்றை எழுத்தில் விளக்குவதை விட வகுப்பில் தந்தியில் காட்டுவதே நேர்மை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்று புள்ளிகளாக இடப்படும் ஸ்புரிதத்துக்கும், அதையே தலைகீழாக இட்ட ப்ரத்யாகதத்துக்கும் அடுத்த கேள்வியிலேயே இடம் வருகிறது.

ஜண்டை வரிசையில் ‘ஸஸ ரிரி கக மம’ என்று இரண்டிரண்டாக எழுதியிருக்கிறது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை சொன்னால் போதாதா?

போதாது. ஒரு பிள்ளைக்குக் கமகத்தின் முதல் பாடம் இங்கேதான் தொடங்குகிறது, பலரும் அதைத் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். இரண்டாவது ஸ்வரத்தைத் தாக்கிச் சொல்ல வேண்டும். தாக்கும் கணத்தில் அதற்குக் கீழுள்ள ஸ்வரத்தை மின்னல்போலத் தொட்டு வர வேண்டும். ‘ரிரி’ என்பது ‘ரி’, பிறகு ஸட்ஜத்தைத் தொட்டெழும் ‘ரி’. இதுவே ஸ்புரிதம். இறங்குமுகத்தில் வரும் ஜண்டைக்குத் தீக்ஷிதர் நூல் ப்ரத்யாகதம் என்று பெயர் தருகிறது.

சிறு பிள்ளைகளுக்கு நான் இப்படிக் காட்டுவேன். உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து, முதல் ‘ரி’க்கு வயிறு அசையாமலும் இரண்டாவது ‘ரி’க்கு ஒரு சின்ன உந்தல் தெரியும்படியும் சொல்லச் சொல்வேன். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது ஐந்து நிமிடத்தில் பிடிபடுகிறது. தொண்டையை இறுக்கிச் செய்தால் ‘ஹ’ சத்தம் கலந்து ‘ரி-ஹி’ என்று ஒலிக்கும்; அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் வர்ணம் வரைக்கும் கூடவே வரும்.

மோகன கீதமான ‘வர வீணா’வைத் திறந்து பாருங்கள்: ‘க க பா பா’ என்று தொடங்குகிறது. முதல் இரண்டு ‘க’வும் ஒன்றுபோல அச்சாகியிருக்கும். ஜண்டை வரிசையை ஒழுங்காகப் பாடிய பிள்ளைக்கு, இரண்டாவது ‘க’வில் அந்த உந்தல் தானாக வரும். பஞ்சமத்தில் குரல் அசையாமல் நிற்கும்.

முதல் பாடமான மாயாமாளவகௌளையிலேயே கமகம் வேண்டுமா, நேராகப் பாடினால் போதுமா?

முதல் பயிற்சியான ஸரளி வரிசையை இந்த ராகத்தில் அமைத்துத் தந்தவர் புரந்தரதாஸர் என்பது மரபு. தொடக்கத்தில் பல ஆசிரியர்கள் நேராகவே பாட வைக்கிறார்கள், நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் செய்கிறேன். ஸ்ருதியில் நிற்கத் தெரியாத குரலுக்கு அசையக் கற்பிப்பது ஆபத்து. ஸ்ருதி நின்ற பிறகு, ரிஷபத்தை ஸட்ஜத்திலிருந்தும் தைவதத்தைப் பஞ்சமத்திலிருந்தும் எழும்படி மெல்ல அசைக்கச் சொல்வேன். காந்தாரத்தை அசைக்க விடமாட்டேன்.

எல்லா ஸ்வரத்தையும் அசைத்தால் பாட்டு இன்னும் அழகாக இருக்காதா?

இருக்காது. ஸட்ஜமும் பஞ்சமமும் அசல (அசையாத) ஸ்வரங்கள். அவற்றில் கம்பிதம் இல்லை. சங்கராபரணத்தின் காந்தாரம் பெரும்பாலும் சமமாக, வெளிச்சமாக நிற்கிறது. அதே ராகத்தின் மத்யமத்தில் நல்ல அசைவு உண்டு. நிற்கும் காந்தாரம் இருப்பதால்தான் அசையும் மத்யமம் கேட்கிறது. போட்டி மேடைகளில் பிள்ளைகள் நடுங்கும் குரலில் எல்லாவற்றையும் ஆட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அந்தப் பிள்ளைகளுக்கு உழைப்பு குறைவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கம்பிதத்தை எத்தனை முறை அசைக்க வேண்டும்? இரண்டாம் காலத்தில் அதையும் இரட்டிப்பு வேகத்தில் அசைக்க வேண்டுமா?

எண்ணிக்கை ராகத்தையும் அந்த ஸ்வரம் நிற்கும் நேரத்தையும் பொறுத்தது. வீட்டுப் பயிற்சிக்கு ஒரு கைவிளக்காக மட்டும் சொல்கிறேன்: விநாடிக்கு ஓர் எண்ணிக்கை என்ற அளவில் மெட்ரனோமை (சீரான தட்டு எண்ணும் கருவி) 60இல் வைத்து, தோடிக் காந்தாரத்தை ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அசைவாகப் பாடிப் பழகலாம்.

இரண்டாம் காலத்தில், அதாவது பாட்டு இரட்டை வேகமாகும்போது, அசைவுகளின் எண்ணிக்கை குறையும். முதல் காலத்தில் இரண்டு முறை எழுந்து இறங்கிய காந்தாரம், இரண்டாம் காலத்தில் ஒரு முறை எழுந்து இறங்கும். அதைவிட வேகமான இடத்தில் ரிஷபத்திலிருந்து ஒரு சின்ன எழுச்சியாக மட்டும் மிஞ்சும். அசைவையும் இரட்டிப்பாக்கினால் ஸ்வரம் கலங்கி, குளிரில் பல் தந்தியடிப்பது போல ஆகிவிடும். வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடச் சொல்வதன் ஒரு நோக்கம் இதுதான் என்று நான் கருதுகிறேன்: கமகம் எவ்வளவு சுருங்கலாம், சுருங்கியும் ராகம் எப்படி மிஞ்சும் என்பதைத் தொண்டை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. ‘எவ்வரி போத’ என்ற ஆபோகி வர்ணத்தைக் கற்றவர்கள், அதன் காந்தாரத்தை இரண்டு காலத்திலும் தனியே பாடிப் பார்க்கட்டும்.

எங்கள் கோயிலில் ஆர்மோனியம்தான் இருக்கிறது, வீட்டில் கீபோர்டு. இவற்றில் கமகம் வருமா?

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலிதான். இரண்டு கட்டைக்கு நடுவில் வழியில்லை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து, 1971 வரை அந்தத் தடையை வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. பஜனைக்கு அது நல்ல துணை, அதை யாரும் குறைசொல்ல வேண்டாம். ஆனால் ராகம் கற்கும் பிள்ளை ஆர்மோனியத்தைக் கேட்டு ஸ்வரத்தைப் பழகினால், தோடியும் தன்யாசியும் படிக்கட்டாக மாறிவிடும். கற்பதற்குத் தம்பூரா ஸ்ருதி மட்டும் போதும். கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது.

கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் இருந்தால், கொஞ்சம் வழி உண்டு. பெரும்பாலான கீபோர்டுகளில் அந்தச் சக்கரம் ஸ்வரத்தை கறுப்பும் வெள்ளையும் சேர்த்து எண்ணினால் மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை வரை நகர்த்தும்படி அமைந்திருக்கும். ‘சி’யை ஸட்ஜமாக வைத்துத் தோடிக் காந்தாரத்தின் கறுப்புக் கட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை முழுதும் இறக்கினால் சுத்த ரிஷபம், முழுதும் ஏற்றினால் சுத்த மத்யமம். அசைவின் இரு கரைகளும் எங்கே இருக்கின்றன என்று பெற்றோருக்குக் காட்ட இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அசைவைக் கற்பிக்க இதைப் பயன்படுத்தவில்லை.

என் மகன் பட்டணத்தில் பியானோ கிரேட் தேர்வுக்கும் படிக்கிறான். அங்கே ஒவ்வொரு அலங்காரத்துக்கும் தெளிவான குறி இருக்கிறது, அதை அப்படியே வாசித்தால் முடிந்தது என்கிறான். உண்மையா?

குறி தெளிவானது என்பது உண்மை. டிரில் என்றால் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை விரைந்து மாற்றி மாற்றி வாசிப்பது. குட்டிக் கோடு குறுக்கே வெட்டிய நெளிவு மார்டென்ட்: ஸ்வரம், அதன் கீழ் ஸ்வரம், மறுபடி ஸ்வரம். படுத்திருக்கும் ‘எஸ்’ எழுத்து டர்ன்: மேல், ஸ்வரம், கீழ், ஸ்வரம். முன்னால் பொடியாக அச்சிட்ட ஸ்வரம் அப்போஜியாடூரா. அது பெரும்பாலும் பிரதான ஸ்வரத்தின் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதன் காம்பில் கோடு வெட்டியிருந்தால் அச்சியாகாடூரா, கண் இமைக்கும் நேரம்தான்.

அப்படியே வாசித்தால் முடிந்தது என்பதுதான் சரியில்லை. டிரிலை எந்த ஸ்வரத்தில் தொடங்குவது? ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் காலத்து இசையில் மேல் ஸ்வரத்தில் தொடங்குவது பொது விதி. 19ஆம் நூற்றாண்டில் பிரதான ஸ்வரத்தில் தொடங்கும் வழக்கம் வலுத்தது, 1828இல் வந்த, ஹும்மெல் என்ற பியானோ கலைஞரின் பாட நூல் அதைப் பரிந்துரைத்தது. ஆக, ஒரே குறி, இரண்டு காலம், இரண்டு வாசிப்பு. நம்முடைய ஒரே ‘க’, இரண்டு ராகம் என்பதைப் போன்றதே இது. பாஹ் 1720இல் தம் மூத்த மகனுக்காகத் தொடங்கிய பாட நோட்டில், 13 அலங்காரக் குறிகளையும் அவற்றை வாசிக்கும் விதத்தையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்தார். அப்போது பையனுக்கு ஒன்பது வயது. நான் இதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலை விட, பையனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தகப்பனைத்தான் நினைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு ஒரு பயிற்சி சொல்லலாம். மார்டென்டும் நம் ஸ்புரிதமும் தாளில் ஒன்றுபோலத் தோன்றும்: இரண்டிலும் ஸ்வரம், கீழ், ஸ்வரம். மார்டென்ட் ஒரே ஸ்வரத்தின் தொடக்கத்தில் தெறித்துப் பிறகு அமைதியாகிறது. ஸ்புரிதத்தில் எடை இரண்டாவது ஸ்வரத்தின் மேல் விழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து வித்தியாசம் கேட்டால், அவன் இரண்டு இசையையும் சரியான காதோடு கற்கிறான் என்று நம்பலாம்.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே கீர்த்தனையை வெவ்வேறு கமகத்தோடு சொல்லித் தருகிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

இதற்குப் பாடாந்தரம் என்று பெயர். இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்றை முழுதாகக் கற்ற பிறகு மற்றொன்றைக் கேளுங்கள். பல்லவியை ஒருவரிடமிருந்தும் அனுபல்லவியை இன்னொருவரிடமிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள்.

ஆசிரியர் வாரம் ஒருமுறைதான் கிடைக்கிறார். நடுவில் ஆறு நாள் கமகத்தை எப்படிக் காப்பாற்றுவது?

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்; பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். மரப்பட்டையில் பழைய வெட்டின் சாய்கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் வழியே கத்தியை இழுப்பது யாருக்கும் முடியும். எவ்வளவு ஆழம் என்பதுதான் கோட்டில் இல்லை: மேலாகச் சீவினால் பால் வராது, ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அந்த இடம் பிறகு முடிச்சு முடிச்சாக ஆறும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு மரம் முழுதும் வெட்ட வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஆழம் என் கையில் இருந்தது. கமகத்தையும் ஆசிரியரின் எதிரில் அப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு நாளும் செய்ய வேண்டியது, வாங்கியது நழுவாமல் பார்ப்பது.

அதற்கு நான் சொல்லும் முறை இது. வகுப்பு முடியும் முன்பு, அன்றைய பாடத்தின் ஒரே ஓர் ஆவர்த்தனத்தை ஆசிரியர் மெதுவாகப் பாட, அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முழுப் பாட்டும் வேண்டாம். முழுப் பாட்டைப் பதிவு செய்தவர்கள் அதைத் திறப்பதே இல்லை. வீட்டுக்குப் போய் அதே இரவில், நோட்டில் ஸ்வரத்துக்கு மேலே பென்சிலால் உங்களுக்குப் புரியும் குறியை இடுங்கள்: அசைவுக்கு நெளிகோடு, வழுக்கலுக்குச் சாய்கோடு, நிற்கும் ஸ்வரத்துக்குத் தட்டைக் கோடு. நிற்கும் ஸ்வரத்துக்கும் குறி இட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், வெறுமையாக விட்டால் மூன்றாம் நாள் அதையும் அசைத்துவிடுவீர்கள். மறுநாள் பதிவைக் கேட்காமல் நோட்டைப் பார்த்துப் பாடி, அதைத் தனியே பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எங்கே விலகியது என்று உங்கள் காதே காட்டிக்கொடுக்கும்.

யூடியூப்பில் பெரிய வித்வான்களைக் கேட்பது மிக நல்லது. கச்சேரி வேகத்தைப் பார்த்து அசைவை நகலெடுப்பது வேறு. முதலில் கேட்டுக்கொண்டே இருங்கள். வயலின் மாணவர்களுக்கு ஒரு சொல்: குளிரூட்டிய அறையிலிருந்து நம் ஊர் ஈரக்காற்றுக்கு வந்ததும் பிருடையும் (தந்தியை முறுக்கும் முளை) தந்தியும் ஸ்ருதி மாறிவிடும். பத்து நிமிடம் வாத்தியத்தைத் திறந்து வைத்து, மறுபடி ஸ்ருதி சேர்த்த பிறகே கமகப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

திருமுறை ஓதும் போட்டிக்குத் தேவாரம் கற்கிறோம். அதிலும் கமகம் உண்டா?

உண்டு, பண் ராகமாகவே பாடப்படுகிறது. நட்டபாடைப் பண்ணில் அமைந்த ‘தோடுடைய செவியன்’ இன்று கம்பீரநாட்டையில் பாடப்படுகிறது. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகப் பாடப்படுகிறது. அந்த ராகங்களுக்குரிய அசைவு பாட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் இங்கே சொல்லே தலைவன். அசைவு ஒரு சொல்லின் நடுவில் மூச்சை முறிக்கக் கூடாது. குறிலை நெடிலாக இழுக்கக் கூடாது. ‘விடை’ என்ற சொல்லில் ‘வி’யை நீட்டி அசைத்தால் அது ‘வீடை’ ஆகிவிடும், பொருளே போய்விடும். நெடிலில் அசையுங்கள், குறிலைத் தொட்டு நகருங்கள். ஐயம் இருந்தால் முதலில் பாட்டைப் பொருள் விளங்க வாசித்துவிட்டு, பிறகு பண்ணில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தாத்தாவின் பழைய பாட்டு நோட்டு இருக்கிறது. லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்த காலத்தில் எழுதியது. கமகக் குறி எதுவும் இல்லை. அதனால் பயன் உண்டா?

உண்டு. அதைத் தூக்கிப் போடாதீர்கள். சாஹித்யமும் (பாட்டின் சொற்கள்) தாளக் கணக்கும் அதில் பத்திரமாக இருக்கும். அந்த நோட்டில் படித்தவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பாட்டியோ, அத்தையோ, பக்கத்து லயத்தில் இருந்தவரோ. அவர்கள் பெரிய வித்வானாக இருக்க வேண்டியதில்லை.

சென்ற வருடம் ஒரு மாணவி அப்படி ஒரு நோட்டையும் தன் பெரிய பாட்டியையும் மண்டபத்துக்கு அழைத்து வந்தாள். ஈரத்தில் ஊறி, விளிம்பெல்லாம் பழுப்பேறிய நோட்டு. ‘வர வீணா’ முதல் பக்கத்தில் இருந்தது. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நோட்டைப் பார்க்கவே இல்லை. முதல் ‘க’வைச் சமமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது ‘க’வை உந்திச் சொன்னார், ‘பா’வில் நின்றார், மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போது ஒரு சின்ன ஏற்ற ஜாரு வைத்தார். மாணவி பென்சிலை எடுத்து, நகல் எடுத்த தாளில் அந்த இடத்தில் ஒரு சாய்கோடு போட்டாள். பாட்டியை மறுபடியும் பாடச் சொன்னாள்.